கவாத்துக் காயமும் பூஞ்சாணமும்

மாந்தோப்பில் கவாத்து முடிந்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, 'வெட்டின இடத்துல என்ன பூசலாம்?' என்பதுதான். உரக்கடையில் கேட்டால் ஒரு டப்பாவை எடுத்து நீட்டுவார்கள். பக்கத்துத் தோட்டக்காரர் தார் பூசச் சொல்வார். இன்னொருவர் சாணியே போதும் என்பார். இந்த அத்தியாயத்தில் பூச்சைப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறேன். பூஞ்சாணம் காயத்துக்குள் வேரூன்றுமா என்பது பெரும்பாலும் ரம்பம் மரத்தில் படும்போதே முடிவாகிவிடுகிறது. எந்த இடத்தில் வெட்டினோம், எந்த மாதத்தில் வெட்டினோம் என்ற இரண்டும் சரியாக அமைந்தால் பூச்சு கூடுதல் துணை. இரண்டும் தப்பினால் எந்தப் பசையாலும் ஒன்றும் ஆகாது.

மரம் தன் காயத்தை என்ன செய்கிறது?

நமக்கு வெட்டுப்பட்டால் அந்த இடத்தில் புதுச் சதை வளர்ந்து பழையபடி ஆகிவிடுகிறது. மரத்துக்கு அந்த வசதி கிடையாது. வெட்டுப்பட்ட மரத்தசை கடைசிவரை வெட்டுப்பட்டதுதான். மரம் செய்வதெல்லாம் இவ்வளவே: காயத்தை ஒட்டிய நீர்க்குழாய்களைப் பிசினாலும் வேறு பொருள்களாலும் அடைக்கிறது, சுற்றியுள்ள உயிரணுக்களில் பூஞ்சாணத்துக்கு ஆகாத ரசாயனங்களைச் சேர்க்கிறது, கெட்ட பகுதியை இப்படி உள்ளே ஒதுக்கிவிட்டு, வெளிப்புறத்தில் ஓரங்களிலிருந்து புதுப் பட்டையை வளர்த்து மூடுகிறது.

இதை விளக்கிக் காட்டியவர் அமெரிக்க வனத்துறையில் ஆய்வாளராக இருந்த அலெக்ஸ் ஷைகோ. அவருக்கு முன்னால் மரநோய் பார்த்தவர்கள் அடிமரத்தைக் குறுக்கே அறுத்துத்தான் பார்த்தார்கள். அவர் செயின் ரம்பத்தால் நீளவாக்கில் பிளந்து பார்த்தார். ஒரு காயத்திலிருந்து அழுகல் மேலும் கீழும் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது, எங்கே நின்றிருக்கிறது என்பது அப்படிப் பிளந்தால்தான் தெரியும். 1977-இல் வெளிவந்த நூலில், மரம் எழுப்பும் தடுப்புகளை நான்கு சுவர்களாகப் பிரித்துச் சொன்னார். மேலும் கீழும் போகாமல் தடுப்பது இருப்பதிலேயே வலுக்குறைந்த சுவர். காயம்பட்ட பிறகு புதிதாக வளரும் மரத்துக்கும் பழைய மரத்துக்கும் இடையில் எழுவதுதான் உறுதியான சுவர். நடுவில் பொந்தான புளியமரம் பல ஆண்டுகள் பச்சையாக நின்று காய்ப்பதற்கு இந்தச் சுவர்தான் காரணம். காயத்துக்கு மேல் பூசப்படும் வழக்கமான பூச்சுகள் அழுகலை நிறுத்தவில்லை என்பதும் அவர் அறுத்துப் பார்த்த மரங்களில் தெரிந்தது.

சுவர் எழுப்ப உயிருள்ள அணுக்கள் வேண்டும். அவை வெளிறில்தான் உண்டு. நடுவில் இருக்கும் வைரத்தில் உயிரணு கிடையாது. ஆகவே வைரம் தெரியும் அளவுக்குப் பெரிய கிளையை வெட்டினால், காயத்தின் நடுப்பகுதிக்குக் காவல் இல்லாமல் போகிறது. விட்டம் 5 சென்டிமீட்டருக்கு உட்பட்ட காயத்தைத் தெம்பான மரம் சுலபமாக மூடிவிடும். 10 சென்டிமீட்டரைத் தாண்டினால் மூடப் பல ஆண்டு ஆகலாம், மூடாமலே போகவும் கூடும். கட்டைவிரல் பருமனில் இருக்கும்போதே எடுத்திருக்க வேண்டிய கிளையைத் தொடைப் பருமன் ஆகும்வரை விட்டுவிட்டு, பிறகு எதைப் பூசலாம் என்று கேட்பதுதான் நம் ஊர் வழக்கம்.

வெட்டும் இடம்

ஒரு கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள். மேல்புறம், கவையில், பட்டை சுருங்கிக் கருத்த வரம்பு ஒன்று இருபக்கமும் சரிந்து இறங்கும். கீழ்புறம் கிளை தொடங்கும் இடம் சற்றே புடைத்திருக்கும். இந்தப் புடைப்பைக் கிளையின் கழுத்து என்று வைத்துக்கொள்வோம். கழுத்து கிளையைச் சேர்ந்தது அல்ல, அடிமரத்தைச் சேர்ந்தது. அழுகலைத் தடுக்கும் ஏற்பாடு முழுவதும் அதற்குள் இருக்கிறது. கருத்த வரம்புக்கு வெளியே தொடங்கி, புடைப்பு முடியும் இடத்தில் வந்து நிற்கும்படி வெட்ட வேண்டும். அந்தக் கோடு பெரும்பாலும் சாய்வாகவே அமையும். அடிமரத்துக்கு இணையாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

இரண்டு விதத்தில் இது கெடுகிறது. ஒன்று, அடிமரத்தோடு ஒட்ட வழித்து வெட்டுவது. "ஒட்ட வெட்டுனாத்தான் தம்பி மரம் சீக்கிரம் மூடும்" என்று அனுபவமுள்ள மரவெட்டி அண்ணன்மார்களே சொல்வார்கள். பார்க்க வழவழப்பாகத்தான் இருக்கும். ஆனால் கழுத்து போய்விட்டது, காயமும் பெரிதாகிவிட்டது, காயம் இப்போது கிளையில் இல்லாமல் அடிமரத்திலேயே இருக்கிறது. மற்றொன்று, அரை அடி கட்டை விட்டு வெட்டுவது. அந்தக் கட்டைக்கு உணவு அனுப்ப இலை இல்லை. அது காய்ந்து, பட்டை கழன்று, பூஞ்சாணத்துக்குத் தீனியாகிறது. கட்டை உளுத்துக் கொட்டாதவரை பட்டையால் அதை மூடவும் முடியாது. மாமரத்தில் இப்படிக் காய்ந்த கட்டைகளில்தான் லேசியோடிப்ளோடியா என்ற பூஞ்சாணம் முதலில் குடியேறும். அங்கிருந்து பின்வாக்கில் நல்ல கிளைக்குள் இறங்கி நுனிக்கருகலையும் பிசின் வடிதலையும் உண்டாக்கும்.

கனத்த கிளையை ஒரே வெட்டில் இறக்கப் பார்த்தால் அது பாதியில் முறிந்து, அடிமரத்துப் பட்டையை ஒரு முழ நீளத்துக்கு உரித்துக்கொண்டு விழும். அதைத் தவிர்க்க மூன்று வெட்டு. கழுத்திலிருந்து ஓர் அடி தள்ளி, முதலில் கிளையின் அடிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு அறுக்க வேண்டும். அதற்கு இரண்டு மூன்று விரல் வெளியே தள்ளி மேலிருந்து அறுத்தால் கிளை பட்டையை இழுக்காமல் விழும். மிஞ்சிய கட்டையை மூன்றாவது வெட்டில் கழுத்தோரம் எடுக்க வேண்டும். மூன்றாவது வெட்டின்போது ஒரு கையால் கட்டையைத் தாங்கிப் பிடிப்பது நல்லது.

கருகல் கண்ட கிளையானால் இடத்தைக் கண்ணால் மட்டும் முடிவு செய்யக்கூடாது. பட்டைக்கு வெளியே கருகல் நின்ற இடத்துக்குக் கீழே, உள்ளே மரத்தில் பழுப்புக் கீற்று இன்னும் இறங்கியிருக்கும். அதனால் கருகலுக்கு நான்கு விரற்கடை கீழே வெட்டி, வெட்டுமுகத்தைப் பார்க்க வேண்டும். முழுவட்டமும் ஒரே வெளிர் நிறமாக இருந்தால் சரி. எங்காவது பழுப்புப் புள்ளியோ ஆப்பு வடிவில் கறையோ தெரிந்தால் இன்னும் கீழே போக வேண்டும். காய்ந்த குச்சியின் மேல் நகத்தை ஓட்டினால் குண்டூசித் தலை போன்ற கரும்புள்ளிகள் சொரசொரப்பாகத் தட்டுப்படும். அவைதான் பூஞ்சாணத்தின் வித்துப்பைகள். மழை பட்டால் அவற்றிலிருந்து வித்துகள் பொங்கி வெளியேறும். ஆகவே வெட்டிய கருகல் கிளைகளை மரத்தடியில் குவித்து வைப்பது, வெட்டாமல் விட்டதற்குச் சமம். மழை தொடங்கும் முன்பே தோப்பைவிட்டு வெளியேற்றிவிட வேண்டும்.

ஆடி, ஆவணியில் முடித்துவிடுங்கள்

வித்துகள் மழையிலும் ஈரக்காற்றிலும் பரவுகின்றன. வெட்டுக்காயம் முதல் சில நாட்களில்தான் அவற்றுக்கு மிகவும் இடம்கொடுக்கும். நாள் ஆக ஆக மேற்பரப்பு காய்ந்து, உள்ளே அடைப்பும் எழுந்துவிடும். எனவே வெட்டு விழுந்த பின் தொடர்ந்து சில நாள் வறண்டிருக்க வேண்டும், மரமும் புதுத் தளிர் விடும் தெம்பில் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டு மாமரத்துக்கு இந்த இரண்டும் கூடிவருவது அறுவடை முடிந்த கையோடு. நீலம் ரகம்கூட இறங்கிவிட்ட பிறகு, ஆகஸ்ட், செப்டம்பரில். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையும் அந்த மாதங்கள்தான். கிருஷ்ணகிரிப் பக்கம் அந்நாட்களிலும் மழை எட்டிப் பார்க்கும். அதைக் கணித்து இரண்டு மூன்று வறண்ட நாட்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கவாத்து செய்வது காயத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வித்துகளுக்காகக் காத்திருப்பது. மாமரத்தில் இன்னொரு நட்டமும் உண்டு: அக்டோபருக்குப் பின் வெட்டினால் தளிர் தாமதமாக வந்து, அந்தக் கிளை அவ்வாண்டு பூக்காமல் போகும்.

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே ஏதாவது ஒரு தோட்டத்தில் எப்போதும் கவாத்து நடந்துகொண்டிருக்கும். கொடிக்கு விழும் காயங்கள் சிறியவை, ஆனால் ஏராளம். அங்கே நாளைத் தள்ளிப்போட முடியாது. பென்சில் பருமனுக்கு மேற்பட்ட வெட்டுகளுக்கு அன்றைக்கே பூச்சு கொடுப்பதுதான் வழி.

ஒரே ஆண்டில் எவ்வளவு எடுப்பது என்பதும் பூஞ்சாணத்தோடு தொடர்புள்ள விஷயம். விதானத்தில் கால் பங்குக்கு மேல் எடுத்தால், இதுவரை நிழலில் இருந்த பட்டை திடீரென்று வெயிலில் வெந்துபோகும். வெந்து வெடித்த பட்டையும் ஒரு காயமே. அதன்வழியே பூஞ்சாணமும் போகும், தண்டுத் துளைப்பான் வண்டும் முட்டையிடும். பழைய தோப்பைத் திறந்துவிடும்போது மேல்நோக்கிய கிளைகளின் முதுகிலும் அடிமரத்தின் மேற்குப் பக்கத்திலும் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். நெடுஞ்சாலை மரங்களுக்கு அடிப்பதுபோல் அழகுக்காக அல்ல. பட்டை சூடாகாமல் இருப்பதற்கு.

எதைக்கொண்டு வெட்டுவது?

விரல் பருமன் வரை கவாத்துக் கத்தரி, அதற்கு மேல் வளைந்த கைரம்பம், தேவைப்பட்டால் செயின் ரம்பம். அரிவாளை இந்த வேலைக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். கை தேர்ந்தவர் அரிவாளில்கூடச் சுத்தமாக வெட்டுவார்; ஆனால் கூலிக்கு வரும் எல்லோரும் அப்படி அல்ல. இரண்டு மூன்று வீச்சில் சிலாம்பு கிளம்பி, பட்டை ஓரம் நைந்து, நீர் தேங்கும் பள்ளங்கள் விழுகின்றன. ரம்பத்தால் அறுத்த பிறகும் பட்டை ஓரம் பிசிறாக இருந்தால் கூரான கத்தியால் சீவிவிட வேண்டும்.

கருவியைக் கழுவுவது பற்றி ஒரு தெளிவு வேண்டும். மரத்தை அழுகவைக்கும் பூஞ்சாணங்களில் பெரும்பாலானவை காற்றில் வருபவை. கத்தியைக் கழுவுவதால் அவை நின்றுவிடப் போவதில்லை. ஆனால் மாதுளை வாடல் நோய், எலுமிச்சைச் சொறிநோய் போன்றவை கத்தியோடு மரத்துக்கு மரம் பயணம் செய்யும். அந்தத் தோட்டங்களில் ஒவ்வொரு மரத்துக்கும் இடையில் 70 சதவீத ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் துடைப்பது கட்டாயம். பிளீச்சிங் கரைசலும் ஆகும், ஆனால் இரும்பை அரிக்கும். வேலை முடிந்ததும் கழுவி எண்ணெய் தடவ வேண்டும். மற்ற தோட்டங்களில் நோய் கண்ட மரங்களைக் கடைசியாக வெட்டினாலே பாதிச் சங்கடம் குறையும்.

இனி, பூச்சு

வேண்டாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தார், எனாமல் பெயிண்ட், கிரீஸ், வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயில், இவற்றில் எதையும் பூசாதீர்கள். தார் வெயிலில் வெடிக்கும். வெடிப்பில் நீர் இறங்கும். இறங்கிய நீர் காயாது. பூஞ்சாணத்துக்கு அதைவிடத் தோதான இடம் அமையாது. பழைய ஆயில் விளிம்பில் இருக்கும் உயிருள்ள பச்சைத் திசுவையே கொன்றுவிடும். பொந்துக்குள் சிமென்ட் அடைப்பதும் அப்படித்தான். காற்றில் மரம் ஆடும், சிமென்ட் ஆடாது. இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்து நீர் தேங்கும். பின்னாளில் அந்த மரத்தை அறுப்பவரின் ரம்பமும் போய்விடும்.

அப்படியானால் எதுவுமே பூச வேண்டாமா? குளிர்நாட்டுச் சாலை மரங்களை வைத்து வந்த முடிவை அப்படியே நம் தோப்புக்கு எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்காவிலேயே, ஓக் வாடல் நோய் பரவியுள்ள டெக்சாஸ் மாநிலத்தில், ஓக் மரத்தை வெட்டிய உடனே பெயிண்ட் பூசச் சொல்கிறார்கள். அங்கே நோயைச் சுமந்துவரும் வண்டு புதுக்காயத்தின் வாசனைக்கு வந்துவிடும். நமக்கும் அப்படிச் சில சந்தர்ப்பங்கள் உண்டு: மழையைத் தவிர்க்க முடியாமல் வெட்ட நேர்ந்தால், கருகல் நோய் ஏற்கெனவே இருக்கும் தோப்பானால், 5 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட காயமானால். இவற்றுக்குச் செம்பு கலந்த பூச்சு கொடுக்கலாம். வறண்ட ஆவணியில், நோயில்லாத மரத்தில், விரல் பருமன் வெட்டுக்கு ஒன்றும் தேவையில்லை.

செம்புப் பூச்சில் பழையதும் இன்றும் செல்லுபடியாவதும் போர்டோ. பிரான்சின் மெடாக் பகுதியில் சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர் பறிக்காமலிருக்க, பார்க்க அருவருப்பாக இருக்கட்டும் என்று மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்து வைத்திருந்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் வராததைப் போர்டோ பல்கலைக்கழகத் தாவரவியலாளர் மில்லார்டே கவனித்தார். 1885-இல் அவர் அதை மருந்தாக வெளியிட்டார். திருட்டுக்குப் பயந்து செய்த வேலை உலகம் முழுவதும் தோட்டக்காரர்களுக்குப் பயன்பட்டது.

தெளிக்கும் கலவை 1 சதவீதம். காயத்துக்குப் பூசும் பசை 10 சதவீதம். அதாவது 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 10 லிட்டர் தண்ணீர். ஒரு நாள் வேலைக்கு இதில் பத்தில் ஒரு பங்கு போதும்: 100 கிராம், 100 கிராம், 1 லிட்டர். மயில்துத்தக் கட்டியைப் பொடித்து மெல்லிய துணியில் முடிந்து, அரை லிட்டர் தண்ணீரின் மேல்மட்டத்தில் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியில் போட்டால் அங்கேயே படிந்து கிடக்கும். தொங்கவிட்டால் கரைந்த நீலம் தானே கீழே இறங்கி, சீக்கிரம் கரையும். நீற்றாத சுண்ணாம்பை வேறொரு பாத்திரத்தில் சிறிது சிறிதாகத் தண்ணீர் விட்டு நீற்றி, ஆறவிட்டு, வடிகட்டி அரை லிட்டர் பாலாக்குங்கள். காற்றுப்பட்டு மாவாகிப்போன பழைய சுண்ணாம்பு உதவாது. பாத்திரங்கள் பிளாஸ்டிக்கோ மண்ணோ மரமோ ஆக இருக்க வேண்டும்; இரும்பு, தகரம் கூடாது. மூன்றாவது பாத்திரத்தில் இரண்டையும் ஒரே நேரத்தில் ஊற்றிக் கலக்குங்கள். தனி ஆளாக இருந்தால் துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றுங்கள். மாற்றி ஊற்றக்கூடாது.

வான நீலத்தில் கெட்டியான பசை கிடைக்கும். தேய்த்துச் சுத்தமாக்கிய இரும்புக் கத்தியை அதில் ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். அலகில் செந்நிறம் படிந்தால் செம்பு தனியாக நிற்கிறது என்று பொருள். அதை அப்படியே பூசினால் பட்டை வெந்துவிடும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் சேர்த்து மறுபடி சோதிக்க வேண்டும். அன்றைய பசையை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். மறுநாள் அது ஒட்டாது. மிஞ்சியதைக் கிணற்றோரத்திலோ குட்டையிலோ கொட்டாதீர்கள், செம்பு மீனைக் கொன்றுவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு கொதிக்கும்போது முகத்தை எட்ட வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டுமுகத்தில் கசிவு நின்று, தொட்டால் கையில் ஒட்டாத பதம் வந்ததும் தூரிகையால் மெல்லிய ஒரு பூச்சு. அப்பி வைக்க வேண்டாம். அடுத்த மழையில் கழுவிப்போயிருந்தால் இன்னொரு முறை பூசலாம். ஓராண்டுக்குப் பிறகு பூசுவதில் பயனில்லை. இவ்வளவு சிரமம் ஆகாது என்பவர்கள் கடையில் கிடைக்கும் காப்பர் ஆக்ஸிகுளோரைடு தூளைத் தண்ணீரில் குழைத்துப் பூசலாம். ஒட்டும் தன்மையில் போர்டோவுக்கு ஒரு படி குறைவு, அவ்வளவே. இயற்கை முறையில் இருப்பவர்களுக்கு டிரைக்கோடெர்மா உண்டு. அது உயிருள்ள பூஞ்சாணம். கெட்டது வருமுன் இடத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதால் வெட்டிய அன்றே தடவ வேண்டும். செம்பு மருந்தோடு சேர்த்துப் பூசினால் டிரைக்கோடெர்மாவுக்குத்தான் முதல் அடி. சாணிப் பூச்சு ஒட்டுக்கட்டும் சிறு காயத்துக்குச் சரி. ரம்ப வெட்டுக்குப் பூசினால் ஈரத்தைப் பிடித்து வைக்கும், முதல் மழையில் கரைந்தும் போகும்.

புயலுக்குப் பின்

கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்தது. டெல்டாவிலும் புதுக்கோட்டையிலும் மா, பலா, தென்னை எல்லாம் சாய்ந்தன. நின்ற மரங்களிலும் கிளை முறிந்து நார்நாராகத் தொங்கியது. வெட்டக்கூடாத மாதத்தில் காயம் வந்துவிட்டது. அப்படி வரும்போது அவசரம் எது, பொறுக்கக்கூடியது எது என்று பிரிக்க வேண்டும். தலையில் விழக்கூடிய தொங்கல்களையும் வழியை மறிப்பவற்றையும் உடனே இறக்கிவிட்டு, உரிந்த பட்டையின் தளர்ந்த ஓரங்களை மட்டும் கத்தியால் சீவி, போர்டோ பசை பூசி நிறுத்திக்கொள்ளலாம். சரியான இடத்தில் எடுக்கும் கடைசி வெட்டைத் தை மாதத்துக்கு ஒதுக்கி வையுங்கள். அதற்குள் எந்தக் கிளை பிழைக்கிறது என்று தளிரே காட்டிவிடும். புயல் முடிந்த வாரத்தில், மொத்தமாக மொட்டையடித்துவிட்டால் மரம் துளிர்த்துவிடும் என்று சொல்லி வருபவர்களிடம் மரத்தைக் கொடுக்காதீர்கள். துளிர்க்கத்தான் செய்யும். அத்தனை துளிரும் உளுத்த கட்டையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்று, அடுத்த காற்றில் பிய்ந்து விழும்.

ஓராண்டு கழித்து

அடுத்த கவாத்துக்குப் போகும்போது சென்ற ஆண்டு வெட்டிய இடங்களை முதலில் பாருங்கள். காயத்தைச் சுற்றி முழு வளையமாக விளிம்பு தடித்து உருண்டு வந்திருந்தால் வெட்டு சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. இரண்டு பக்கமும் மட்டும் வந்து, மேலும் கீழும் வராமல் கண் வடிவத்தில் நின்றால் ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். வளையமே இல்லாமல் கட்டை காய்ந்து நின்றால் கட்டை விட்டு வெட்டியிருக்கிறார்கள். அந்தக் காய்ந்த கட்டையை மட்டும், தடித்த பட்டையைத் தொடாமல், இப்போது எடுத்துவிடலாம். வெட்டிய ஆளையும் கூட்டிப்போய்க் காட்டினால் ஆயிரம் வார்த்தை மிச்சம்.

காயத்துக்குள் மரம் மெத்தென்று உளுத்திருந்தால் உளியால் நோண்டாதீர்கள். நீர் வடியட்டும் என்று துளை போடவும் வேண்டாம். இரண்டுமே மரம் எழுப்பிய சுவரை உடைத்து, அழுகலை நல்ல மரத்துக்குள் விடும். காயத்திலிருந்து தட்டுத்தட்டாகக் காளான் வெளிவந்திருந்தால் உள்ளே அழுகல் பல ஆண்டுப் பழையது. காளானைப் பிய்த்து எறிவதாலோ மருந்து அடிப்பதாலோ ஆவது ஒன்றுமில்லை. மரச்சுத்தியலால் சுற்றிலும் தட்டிப் பார்க்க வேண்டும். தோப்பின் நடுவே நிற்கும் மரமானால், வெற்றோசை கேட்கும் பக்கத்துக் கிளைகளின் பாரத்தைக் குறைத்து இன்னும் சில பருவம் காய் எடுக்கலாம். வீட்டுக்கூரைக்கோ மின்கம்பிக்கோ பள்ளிக்கூட வழிக்கோ மேலே சாய்ந்திருக்கும் மரத்தில் சுற்றளவில் பாதிக்கு மேல் வெற்றோசை கேட்டால், மழைக்காலம் வருமுன் இறக்கிவிடுங்கள்.